சிவப்பு மூடி, நீல மூடி

இரண்டு ஐஸ் பெட்டிகள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீல மூடி. உடம்பு இரண்டுக்கும் ஒரே வெள்ளை. வேலூர் லாங்கு பஜாரில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. வாங்குவதற்கான அனுமதிக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அது 1996ஆம் ஆண்டு. மாவட்டத்தின் பெயர் மாறிய சமயம். பழைய பெயர் அச்சிட்ட தாள்களைத் தீர்த்த பிறகே புதியவற்றைத் தொட வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்ததால், அந்தக் கடிதம் பழைய மாவட்டத்தின் பெயரிலேயே போனது. தேதிகளையும் இப்படிப்பட்ட சில்லறை விவரங்களையும் மறக்காமல் வைத்துக்கொள்வது என் சுபாவம். வீட்டில் இதற்காகக் கேலி உண்டு. ஆனால் அந்தச் சிவப்பு மூடியை நினைத்தால் தேதிக்கு முன்னால் வாசனைதான் வருகிறது. திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் குளிர்க்காற்று, அதற்கடியில் பச்சை ரத்தத்தின் இரும்பு வாடை, அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று. அந்த வேறு ஏதோ ஒன்று என்னவென்று எங்களில் யாருக்கும் இரண்டு வருடம் தோன்றவில்லை.

நான் அப்போது ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் தட்டச்சராக இருந்தேன். மேடம் அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் இருபத்தைந்து வயதுக்காரர்கள். இவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்து வருடத்துக்கு மேல் வேதியியல் ஆசிரியையாக இருந்துவிட்டு, நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர். ஆசிரியையாக இருந்தவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று மாணவர்களுக்குக் குழப்பம். கடைசியில் எல்லோருக்கும் அவர் மேடம் ஆனார். கத்திரி வெயில் காலத்தில் வேலூரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். அவருடைய வேலை முழுவதும் குளிர் அறையில். வெளியே வராந்தாவில் நாங்கள் தாள்களை விசிறியாக்கி வீசிக்கொண்டிருக்கும்போது, அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, விரைத்துப்போன விரல்களை வெயிலில் நீட்டிக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அவர் ஆராய்ந்தது சிறுநீரகச் செல்களின் சவ்வில் இருக்கும் நொதிகளை. ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும் நொதிகள். தட்டச்சு செய்பவனுக்குப் பொருள் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. எனக்குத்தான் எதை அடித்தாலும் அது என்னவென்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. மாவட்ட நூலகத்தில் கிடைத்ததைப் படித்துவிட்டு அரைகுறையாக அவரிடம் போய்க் கேட்பேன். மேடம் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு டர்க்கி டவலை எடுத்து விரித்துக் காட்டினார். சிறுநீரகத்தில் இருக்கும் நுண்குழாய்களின் உட்சுவர் இப்படித்தான் இருக்கும், விரல் விரலாக, நெருக்கமாக. ஒவ்வொரு விரலின் தோலிலும் நொதிகள் வேர்விட்டு நிற்கின்றன என்றார். அதில் ஒன்றின் வேலை நறுக்குவது. பத்து மணி கோத்த ஒரு சரம் அதனிடம் வரும். கடைசி இரண்டு மணிகளை அது நறுக்கிவிடும். மீதி எட்டு மணிச் சரம் ரத்தக் குழாய்களை இறுக்கும், உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும், அழுத்தம் ஏறும். பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு நொதி அந்த எட்டிலிருந்து மேலும் ஒரு மணியை உருவிவிட்டால் இறுக்கம் தளரும். “ஒருத்தர் முடிச்சு போடறாரு, பக்கத்துல இருக்கவரு அவுக்கறாரு. ரெண்டு பேரும் ஒரே சுவத்துல சாஞ்சிகிட்டுதான் நிக்கறாங்க” என்றார். அன்றிலிருந்து அந்த நீண்ட ஆங்கிலப் பெயர்களை அடிக்கும்போதெல்லாம் சுவரில் சாய்ந்து நிற்கும் இரண்டு பேர்தான் எனக்குத் தெரிவார்கள்.

மேடத்தின் கேள்வி எளிமையானது. ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள கிணற்றுத் தண்ணீர் உப்பு. தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பெல்லாம் கழுவித் தண்ணீரோடு நிலத்தில் இறங்கியது. அங்கே மேய்ந்து அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஆட்டின் சிறுநீரகத்தில், அழுத்தத்தை ஏற்றும் அந்த நொதி கூடுதலாக இருக்குமா? இதற்கு ஒப்பிட, நல்ல தண்ணீர் குடிக்கும் ஆடு வேண்டும். பள்ளிகொண்டாவில் ஒரு கறிக்கடைக்கு மலையோரத்திலிருந்து ஆடுகள் வருவது தெரிந்தது. ஆம்பூருக்குச் சிவப்பு மூடி, பள்ளிகொண்டாவுக்கு நீல மூடி. இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவர் எந்த விண்ணப்பத்திலும் எழுதவில்லை. ஆம்பூரில் அவருடைய அம்மா ரத்த அழுத்தம் முற்றிப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்து படுத்திருந்தார். அவர்கள் வீட்டுக் கிணறும் உப்புதான். அந்த அம்மா முப்பது வருடம் அந்தத் தண்ணீரில்தான் சமைத்தார்.

ஆம்பூரில் கிட்னி கொடுத்தவர் பாய். மேடத்தின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய கறிக்கடை. மேடத்தைச் சின்ன வயதிலிருந்து தெரியும். கடைக்குப் பின்னால் ஒரு தாழ்வான கொட்டகை; அறுத்த ஆட்டின் தோலை அங்கே விரித்து, கல் உப்பை அள்ளி அப்பி, மடித்து அடுக்கிவைப்பார். தொழிற்சாலைக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். ஆராய்ச்சி நாட்களில் அதிகாலையிலேயே கிட்னிகளை பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஐஸுக்குள் புதைத்து, வேலூர் பஸ் கண்டக்டரிடம் பெட்டியைக் கொடுத்துவிடுவார். அதே பஸ் பள்ளிகொண்டா வரும்போது நீல மூடியும் ஏறிக்கொள்ளும். வேலூர் பஸ் நிலையத்தில் இரண்டையும் இறக்கிக்கொண்டு வருபவர் எங்கள் லேப் அண்ணன். துறையின் ஆய்வுக்கூட உதவியாளர். பேராசிரியர் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஒரே பஸ், ஒரே கண்டக்டர், ஒரே மாதிரிப் பெட்டி. இதைவிடச் சமமாக இரண்டு பொருள்களை ஒப்பிட முடியாது என்று மேடம் நினைத்ததில் தப்பில்லை.

ஆரம்பத்தில், அளவெடுக்கத் தொடங்கும் முன்பே, ஒருமுறை பஸ் மாதனூர் அருகே பழுதாகி நின்றுவிட்டது. பெட்டி வந்து சேர்ந்தபோது ஐஸ் உருகி, ஆம்பூர் கிட்னிகள் நிறம் மாறியிருந்தன. மேடம் பாய்க்குச் சொல்லியனுப்பினார். எப்படியாவது கெடாமல் வர வேண்டும், கெட்டால் எல்லாம் வீண் என்று. அதன் பிறகு ஒருநாளும் கெட்டு வரவில்லை. பாயைப் பற்றி மேடத்துக்கு ரொம்பப் பெருமை.

அடுத்த இரண்டு வருடங்கள் அவர் செய்ததை நான் கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். கிட்னியின் வெளிப்பகுதியைச் சீவி, அரைத்து, வடித்து, பெரிய இயந்திரத்தில் சுழற்றி, அடியில் தங்கும் வெளிர்ப் படிவை எடுப்பார். அந்தப் படிவுதான் டர்க்கி டவல். அதில் நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து, அதை மொத்தப் புரதத்தால் வகுப்பார். ஒவ்வொரு முறையும் சிவப்பு மூடியின் எண் நீல மூடியின் எண்ணைவிட அதிகமாக வந்தது. முதல்முறை அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். பிறகு எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய வழிகாட்டியான பேராசிரியர் ஹைதராபாத்தில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பச் சொன்னார், அது ஏற்கப்பட்டது. துறையில் ஒரு விரிவுரையாளர் பணி காலியாக இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். பள்ளியில் மேடத்துக்கு விடுப்பு அந்தக் கோடையோடு முடிகிறது; அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள். கணக்கு சரியாகப் பொருந்தியது. மாநாடு, ஆய்வேடு, வேலை, அம்மாவை வேலூருக்கே அழைத்து வந்து வைத்துக்கொள்வது. 1998 தொடக்கத்தில் நான் ஐந்தாவது அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை மதியம். நாங்கள் மூவரும் என் அறையில்தான் சாப்பிடுவது வழக்கம். அங்கேதான் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றும். பெட்டியில் எப்போதும் தேவைக்கு மேல் இரண்டு மூன்று கிட்னி வரும். மிஞ்சியதை லேப் அண்ணன் கழுவி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். மறுநாள் சில சமயம் வறுவலாக டிபன் பாக்ஸில் திரும்பி வரும். மேடம் தொடவே மாட்டார். “வேலை செய்யற இடத்துல வேலையையே சாப்பிடக் கூடாது அண்ணே” என்பார். அன்று இரு பெட்டிகளும் காலையில்தான் வந்திருந்தன. டிபன் பாக்ஸில் இருந்தது முந்தைய நாள் மிஞ்சிய கிட்னி. லேப் அண்ணனின் மகளுக்கு நிச்சயம் ஆன சந்தோஷத்தில் அவர் வற்புறுத்த, மேடம் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

“இன்னா அண்ணே, உப்பு ஜாஸ்தி.”

“அய்யோ, மிளகு கூடப் போச்சுன்னு சொல்லுங்க மேடம், ஒத்துக்கறேன். உப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க வீட்ல ஆம்பூர் டப்பாவுக்கு உப்பே போட மாட்டா.”

“போடாமலா இப்படி?”

“அதுலயே இருக்கும் மேடம். பள்ளிகொண்டா கிட்னின்னாதான் உப்பு போடணும். மூடி இன்னா கலருன்னு கேட்டுட்டுதான் அடுப்பையே பத்த வைப்பா. உப்புத் தண்ணி குடிக்கிற ஆடாச்சே, கறியில இறங்காம இருக்குமா?”

நான் சிரித்துவிட்டேன். “பாத்தீங்களா மேடம், உங்க ஆராய்ச்சிய அண்ணி அடுப்பாங்கரையிலயே முடிச்சிட்டாங்க. அவங்க பேரையும் சேத்து அடிச்சிடட்டுமா?” என்றேன். லேப் அண்ணனும் சிரித்தார். மேடமும் சிரிக்கத் தொடங்கினார். பிறகு அவர் தாடை அசைவது நின்றது. வாயில் இருந்ததை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. கடைசியில் விழுங்கினார்.

“ஆடு எவ்ளோ உப்புத் தண்ணி குடிச்சாலும் அதோட ரத்தம் உப்பாகாது அண்ணே. ஜாஸ்தியா போனத வெளிய தள்ளிடும். ரத்தத்துல உப்பு ஏறாம பாத்துக்கறதுதான் கிட்னியோட வேலையே. சமையலுக்கு உப்பு வேணாங்கற அளவுக்கு ஒரு கிட்னியில உப்பு இருந்தா, அந்த ஆடு உயிரோடவே இருந்திருக்காது.”

சொல்லிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். அவருடைய சோறு அப்படியே இருந்தது. நாங்கள் பின்னாலேயே போனோம். அன்று காலை வந்த இரண்டு பெட்டிகளிலிருந்தும், மிஞ்சிய கிட்னிகள் கிடந்த கவரின் அடியில் தேங்கியிருந்த ரத்த நீரைக் கொஞ்சம் எடுத்துக் கொதிக்க வைத்து, வடிகட்டி, இரண்டு சோதனைக் குழாய்களில் ஊற்றினார். சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். உப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யும் சோதனைதான்; பத்து வருடமாக அவரே செய்து காட்டியதுதான். நீல மூடிக் குழாயில் லேசாகப் பால் கலந்த மாதிரி ஒரு கலங்கல். சிவப்பு மூடிக் குழாயில் தயிர் உறைந்து இறங்கியது. மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. லேப் அண்ணன் மட்டும் மெதுவாக, “நான் எதுவும் தப்பா சொல்லிட்டேனா மேடம்?” என்றார். “இல்லண்ணே. நல்லவேளையா சொன்னீங்க” என்றார் மேடம்.

மறுநாள் காலை மேடம் ஆம்பூருக்குப் புறப்பட்டார். மாதிரி சேகரிக்கும் முறையைப் பற்றிய பகுதியைத் திருத்த வேண்டியிருக்கும், நீங்களும் வாங்க என்று என்னையும் அழைத்தார். பாய் கடை வாசலில் கறி நறுக்கிக்கொண்டிருந்தார். மேடத்தைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தார்.

“வாம்மா. அம்மா எப்படி இருக்காங்க? நேத்து பொட்டி ஒழுங்கா வந்துச்சா?”

“வந்துச்சு பாய். எப்படிக் கட்டறீங்கன்னு ஒருதடவ பாக்கணும்போல இருந்துச்சு. எனக்காக ஒண்ணு கட்டிக் காட்டறீங்களா?”

அவர் சந்தோஷமாக மறுபடி உட்கார்ந்து காட்டினார். கவரை உதறினார், கிட்னிகளைப் போட்டார். பிறகு, எழுந்து போகக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே இடது கையைப் பின்னால் நீட்டி, தோலுக்கு வைத்திருந்த சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி கல் உப்பை அள்ளி உள்ளே தூவி, கவரைக் குலுக்கி முடிச்சுப் போட்டார். அந்தக் கை இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் தோலுக்குச் செய்ததை அதே வீச்சில் செய்தது. வேலூர் போய்ச் சேர்வதற்குள் உப்பு கரைந்து ரத்த நீரோடு நீராகிவிடும். லேப் அண்ணன் அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் கிட்னியை மேடத்திடம் கொடுப்பார்.

“உப்பு எப்போலேருந்து பாய்?” மேடத்தின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“அந்த பஸ்சு பேஜார் பண்ணிச்சே, அன்னிலேருந்து. கெடக் கூடாதுன்னு சொல்லியனுப்பினியே. பள்ளிகொண்டாக்காரனுக்கு இன்னா, பக்கம். நமக்கு வழி ஜாஸ்தி. ஐஸ நம்ப முடியுமா? தோலுக்கு உப்பு போட்டா மாசக்கணக்குல நிக்குது, குர்தா ரெண்டு மணி நேரம் நிக்காதா?” கிட்னியை அவர் குர்தா என்றுதான் சொல்வார். “ஒருநாளாவது கெட்டு வந்துச்சா, சொல்லு?”

“ஒருநாள் கூட இல்ல பாய்.”

“அப்புறம்?”

“ஒண்ணுமில்ல பாய். இனிமே உப்பு வேணாம். ஐஸ் மட்டும் போதும்.”

பாயின் முகம் வாடியது. “கெட்டுப்போனா என்மேல பழி வருமேம்மா” என்றார். வராது என்று மேடம் சொன்னார். கடையை விட்டு வந்து தெருமுனை திரும்பியதும் என்னிடம், “அவருக்குத் தெரிய வேணாம். அவருகிட்ட நான் கேட்டதத்தானே செஞ்சாரு” என்றார். அது ஒரு வேண்டுகோள் மாதிரி இல்லை. வகுப்பில் சொல்லும் குரல்.

அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போனோம். ஜன்னலோரக் கட்டிலில் அம்மா. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் பேச்சு மெதுவாகத்தான் வரும், ஆனால் தெளிவாக இருந்தது. மேடம் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். என்ன நடந்தது என்பதை அம்மாவுக்குச் சொன்ன விதத்தில்தான் எனக்கும் முழுதாகப் புரிந்தது. உப்புப் போட்டால் கிட்னியிலிருந்து தண்ணீர் இறங்கும். தண்ணீரோடு செல்லின் சவ்வில் மேலோட்டமாக ஒட்டியிருக்கும் புரதங்களும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். சவ்வில் வேர்விட்டு நிற்கும் நொதி மட்டும் அசையாமல் நிற்கும். நொதியை மொத்தப் புரதத்தால் வகுத்தால், மொத்தம் குறைந்துபோனதால் எண் கூடித் தெரியும்.

“வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்டாங்கம்மா. வீட்டுக்காரங்க மட்டும் இருக்காங்க. நான் வந்து பாத்துட்டு, இந்தத் தெருவுல வீட்டுக்காரங்க ஜாஸ்தியாயிட்டாங்கன்னு எழுதி வச்சிருக்கேன்.”

அம்மா மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார். “அப்போ… தண்ணி நல்லதா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. தண்ணி கெட்டதுதான். நான் அத காட்டல, அவ்ளோதான்.”

“உன் வேல?”

மேடம் அந்தக் கையை நீவிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார். “முதல் தடவ நம்பர் ஜாஸ்தியா வந்தப்போ நான் சந்தேகப்பட்டேன். ரெண்டாவது தடவ வந்தப்போ எங்கம்மாவ நினச்சேன். அதுக்கப்புறம் சந்தேகப்படவே இல்ல.”

பேராசிரியர் கெட்டவர் அல்ல. அதை எழுதிவைக்க வேண்டும். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஒரு கைப்பிடி உப்புக்கு ரெண்டு வருஷத்த தூக்கிப் போடுவியாம்மா? ஐஸில் வைத்துக் கொண்டுவரப்பட்டதுன்னு எழுதியிருக்கோம். அது பொய்யா?” என்றார். “பொய் இல்ல சார். பாதி” என்றார் மேடம். பேராசிரியர் அறைக்குள் இரண்டு நடை நடந்தார். மேடத்தின் விடுப்பு எப்போது முடிகிறது, பணிக்கான நேர்காணல் எப்போது என்பதெல்லாம் மேடத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். “உப்பே இல்லாம மறுபடி செஞ்சு பாரு. வித்தியாசம் அப்படியே நின்னா உனக்கு நல்ல காலம். நிக்கலன்னா அப்புறம் பேசுவோம்” என்றார். அன்று மாலையே மாநாட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை மேடம் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முடிவு தெரிவதற்கு முன் எதற்கு அவசரம் என்று கேட்டேன். “முடிவு எப்படி வந்தாலும் இப்போ எழுதியிருக்கறது தப்புதானே” என்றார்.

பிறகு வந்த வாரங்களில் பெட்டி வரும் நாளெல்லாம் அவரே விடியற்காலையில் ஆம்பூரில் நின்று சிவப்பு மூடியைக் கட்டவைத்தார். உப்பில்லாமல் வந்த ஆம்பூர் கிட்னியின் எண், பள்ளிகொண்டாவின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை மேடம் எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்த்துவிட நினைத்தார். பள்ளிகொண்டா கிட்னியில் பாதியை எடுத்துத் தன் கையாலேயே ஒரு பிடி கல் உப்பைப் போட்டு இரண்டு மணி நேரம் வைத்தார். அளந்து முடித்ததும் குளிர் அறையிலிருந்து வெளியே வந்து, ஸ்வெட்டரோடு வராந்தா வெயிலில் நின்றார். எண் எகிறிவிட்டது. எங்களைப் பார்த்து, “அண்ணே, பள்ளிகொண்டா ஆடு ரெண்டே மணி நேரத்துல ஆம்பூர் ஆடாயிடுச்சு” என்றார். சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். லேப் அண்ணன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்துக்கொண்டார். வேலை போய்விட்டது என்பது எங்கள் மூவருக்கும் அந்த இடத்திலேயே தெரியும்.

அந்தப் பணிக்கு அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை. கோடை முடிந்ததும் பள்ளிக்குத் திரும்பினார். சனிக்கிழமைகளில் மட்டும் வேலூர் வந்து, மெதுவாக ஆய்வேட்டை முடித்தார். அதில் உப்பின் விளைவைப் பற்றியே ஒரு முழு அத்தியாயம் இருந்தது. அதை நான்தான் அடித்தேன். அதற்குள் தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்திருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மற்ற அத்தியாயங்களைப் புரட்டிவிட்டு அந்த ஒன்றைப் பற்றியே வெகுநேரம் கேட்டார். பட்டம் 2001இல் கிடைத்தது. அவருடைய அம்மா அதைப் பார்த்துவிட்டு மறு வருடம் போனார். ஆம்பூர்த் தண்ணீரைப் பற்றி மேடம் பிறகு எங்கேயும் எழுதவில்லை. யாராவது கேட்டால், தண்ணீர் கெட்டது, ஆனால் என் ஆராய்ச்சியை அதற்குச் சாட்சியாக இழுக்காதீர்கள் என்பார். தொழிற்சாலைக்காரர் ஒருவர், உங்கள் ஆராய்ச்சிப்படி தண்ணீரால் ஒன்றும் இல்லையாமே என்று கேட்டபோதும் அதே பதிலைத்தான் சொன்னாராம்.

2008இல் எனக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. மருத்துவர் கொடுத்த மாத்திரையின் உறைக்குள் இருந்த பொடி எழுத்துக் காகிதத்தைப் படித்தேன். சவ்வில் நின்று கடைசி இரண்டு மணிகளை நறுக்குகிறாரே, அவருடைய கையைக் கட்டும் மாத்திரை. பழைய சிநேகிதர் ஒருவரின் பெயரை எதிர்பாராத இடத்தில் பார்த்த மாதிரி இருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். என் மனைவி அன்றே உப்பு ஜாடியை மேல் அலமாரிக்கு மாற்றினாள்.

அந்த வருடம் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் போனவன் பாய் கடைக்கும் போனேன். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். “மேடம் டாக்டரானது நம்ம குர்தாவாலதான், தெரியுமில்ல?” என்று கறி வாங்க வந்தவர்களிடமெல்லாம் என்னைச் சாட்சிக்கு இழுத்தார். “ஆமாம் பாய்” என்றேன். அவருக்கும் ரத்த அழுத்தமாம். உப்பு கம்மி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். “உப்புலயே பொறந்து வளந்தவன்கிட்ட வந்து சொல்றாங்க பாரு” என்று சிரித்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு பின்னால் கைகாட்டினார். கொட்டகை ஓரத்தில் சிவப்பு மூடி. வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. கைப்பிடி உடைந்து கயிறு கட்டியிருந்தது. வேலை முடிந்ததும் மேடமே கொண்டுவந்து கொடுத்தாராம். திறந்து காட்டினார். விளிம்புவரை கல் உப்பு. சாக்கைவிட இதில் ஈரம் புகுவதில்லை என்றார்.

“ஒண்ணுதான் எனக்கு இன்னி வரைக்கும் புரியல. உப்பு வேணாம்னு ஏன் சொல்லிச்சு அந்தப் பொண்ணு? ஒருநாள் கூடக் கெடலியே.”

எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியல பாய்” என்றேன்.

அரைக் கிலோ கறி வாங்கினேன். மிச்சம் நாலு குர்தா இருக்கு, எடுத்துட்டுப் போங்க என்று தனிக் கவரில் போட்டார். முடிச்சுப் போடுவதற்கு முன் அவருடைய இடது கை, பேச்சு நிற்காமலேயே, பின்னால் போய்ச் சிவப்பு மூடியைத் தள்ளி, ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தது. “வேலூர் வரைக்கும் தாங்கணுமே” என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கவரை மனைவியிடம் கொடுத்தேன். அவள் கழுவி, மிளகு அரைத்து, அடுப்பில் ஏற்றிவிட்டு, மேல் அலமாரியைப் பார்த்தபடி சமையலறையிலிருந்து கேட்டாள். “இதுக்காவது கொஞ்சம் உப்பு போடட்டுமா?”

“போடாத. அதுலயே இருக்கும்” என்றேன்.